கேள்வி ஒன்பது

உளவியல் துறைப் பெண் ஒருத்தி வந்து
படிவம் கொடுத்துவிட்டுப் போனாள்.
விளையாட்டும் மாணவர் சமூக நலமும்.
பெயர் வேண்டாம், வயது போதும்.
ஒன்றிலிருந்து ஐந்துவரை
ஏதாவதொரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்.

எட்டுவரை சிரமமில்லை.
ஒன்பதாவது இப்படி:
இந்த வளாகத்தில் என்னை அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் புள்ளியியல் படிக்கிறேன்.
குடியாத்தத்திலிருந்து வந்த முதல் பருவத்தில்
என்னோடு பேசியவர்களைக் கணக்கெடுத்தால்
மெஸ்ஸில் டோக்கன் கிழிப்பவர்,
"உள்ள போம்மா" என்ற கண்டக்டர்,
சேப்பாக்கம் ஸ்டேஷனில்
என்னிடம் போய் வழி கேட்ட ஒரு வெளியூர்க்காரர்.
தொட்டவர்கள், பூஜ்ஜியம்.
கூட்டத்தில் இடித்தவர்களைச் சேர்க்கவில்லை.

இரண்டாம் பருவத்தில் உடற்கல்வி கட்டாயம்.
யோகா நிரம்பிவிட்டது.
கேரமுக்கு முதல் நாளே அடிதடி.
மிஞ்சியது கோ-கோ.

வசந்தகோகிலா மேடம் வேப்பமரத்தடியில்
வருகைப் பதிவேட்டை மடியில் விரித்து
வீட்டுக்கடன்காரரோடு போனில் சண்டை போட்டபடி
எங்களை வரிசையில் குந்தச் சொன்னார்.
எட்டுப் பேர். ஒருத்தி கடல் பக்கம் பார்த்து,
அடுத்தவள் ரோட்டைப் பார்த்து.
துரத்துகிறவள் பின்னாலிருந்து வருவாள்.
முதுகில் கை படும்வரை எழக்கூடாது.
பட்டால் ஓடு,
உன் இடத்தில் அவள் உட்கார்ந்துகொள்வாள்.

கோ!

முதல் முறை
நான் ஓடவில்லை.
யார் என்று திரும்பிப் பார்த்தேன்.
மைதானமே கத்தியது.

முகங்களுக்கு முன் கைகளைத்தான் படித்தேன்.
ரஹ்மத் நிஷாவுடையது அறை,
ஐந்து விரலும் புழுதியாய்ச் சட்டையில் நிற்கும்.
இளவெயினி கதவு தட்டுவதுபோல் இரண்டு தட்டு.
ஜெசிந்தாவுக்குக் கை படுமுன்பே குரல் வந்துவிடும்.
தவறு. விசில் ஊதும்.
கடைசிவரை அவள் திருந்தவில்லை.

மாசியில் ஜெசிந்தா நான்கு நாள் வரவில்லை.
அவள் கட்டம் வரும்போதெல்லாம்
கை தானாக நீண்டு
காற்றைத் தொட்டுத் திரும்பியது.
போன் அணைந்திருந்தது.
ஐந்தாம் நாள் பெருங்குடியில் இறங்கி
நான்கு தெரு விசாரித்து
ஒரு மருந்துக்கடையில் கண்டுபிடித்தோம்.
கட்டணம் கட்ட, மாலை நான்கு முதல் பத்துவரை வேலை.
மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே
"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.
எங்களிடமும் ஒன்றும் இல்லை.
நிஷா ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கினாள்,
சில்லறை இல்லாமல் என்னிடம் கேட்டாள்.

மறுநாளிலிருந்து பயிற்சி காலை ஐந்தரைக்கு.
மேடம் திட்டினார். திட்டிக்கொண்டே வந்தார்.

மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம்,
பதினோரு புள்ளி.
நானே இருமுறை, கை படுமுன் எழுந்துவிட்டேன்.

திரும்பும் பறக்கும் ரயிலில்
ஆளுக்கொரு மூலையில் இடம்.
பேச்சில்லை.
நிஷா முழங்கால் சிராய்ப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.
நான் ஓர இருக்கையில் ஒருக்களித்து
ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தபடி.
மந்தைவெளியில் ஏறிய ஓர் அம்மாவின் கட்டைப்பை
என் முதுகில் பட்டது.

எழுந்துவிட்டேன்.
நான்கூட இல்லை, முதுகுதான் எழுந்தது.
அவர் என் இடத்தில் உட்கார்ந்து
"நல்லா இரும்மா" என்றார்.
பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து
இளவெயினி பார்த்துவிட்டாள்.
"ஓடுடீ!"

அதன்பின் சேப்பாக்கம்வரை
தோற்ற அணி மாதிரியே நாங்கள் இல்லை.
இரண்டு பேர் முறைத்தார்கள்.
ஜெசிந்தாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

ஒன்பது பேர் என்பது
மிகச் சிறிய மாதிரி.
எங்கள் துறையில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஐந்தில் டிக் அடிக்கிறேன்.
படிவத்தின் ஓரத்தில்
கட்டைவிரல் அளவுக்கு மண்.